பூவரசம்பூவில் தொடங்கிய கலகம்

கொழும்பு கண்ட போர்க்காலம் – 9

சென்ற இதழில் 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலையோடு நிறுத்தியிருந்தோம். ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்த குண்டுவீச்சு விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரு கப்பல்களை மூழ்கடித்தன. துறைமுகத்தை ஒட்டிய கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும் அந்தச் சத்தத்தை மிக அருகில் கேட்டன. அடுத்த நாட்களில் கோட்டை ரயில் நிலையத்தில் மூட்டை முடிச்சுகளோடு நின்ற கூட்டத்தையும், வடக்கே போன ரயில்களில் இடம் கிடைக்காமல் தவித்த வெள்ளவத்தைக் குடும்பங்களையும் பார்த்தோம்.

ஊர் இப்படி வெளியேறிக்கொண்டிருந்தபோது, வெளியேற முடியாத ஒரு கூட்டமும் இருந்தது: காக்கிச் சீருடை போட்ட உள்ளூர் இளைஞர்கள். அவர்கள் யார், எங்கே அனுப்பப்பட்டார்கள், எப்படித் திரும்பி வந்தார்கள் என்பது இந்த இதழின் கதை. ஒரே படையைச் சேர்ந்த இரண்டு பேரைத் தொடர்வோம். ஒருவர் 1942இல் கைதியாகக் கொழும்புக்குத் திரும்பினார். மற்றவர் 1946இல் லண்டன் வெற்றி அணிவகுப்பில் இலங்கைப் படையினருக்குத் தலைமை தாங்கிவிட்டு வந்தார். இருவரின் கதையும் அதற்கு முந்தைய போரிலிருந்து தொடங்குகிறது.

சிவப்புப் பூவும் மஞ்சள் பூவும்

முதலாம் உலகப் போரின்போது இலங்கையில் கட்டாய ஆட்சேர்ப்பு இருக்கவில்லை. வெள்ளைத் தோட்டத்துரைமாரின் படையான இலங்கைத் தோட்டக்காரர் துப்பாக்கிப் படை 1914இல் எகிப்துக்குக் கப்பலேறி, பிறகு கலிபோலிக்கும் போனது. உள்ளூர் இளைஞர்கள் சிலர் சொந்தச் செலவில் இங்கிலாந்து போய்ப் பிரித்தானியப் படைகளில் சேர்ந்தார்கள். போர் முடிந்ததும் காலிமுகத்திடலில் நினைவுத்தூண் எழுந்தது. ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 11ஆம் திகதி கொழும்புத் தெருக்களில் சிவப்புப் பொப்பிப் பூ விற்கப்பட்டது. பாடசாலைப் பிள்ளைகளும் அரசாங்க ஊழியர்களும் அதை வாங்கிச் சட்டையில் குத்திக்கொள்வது வழக்கமாயிற்று.

அந்தக் காசு எங்கே போனது என்று கேட்டவர் ஏலியன் பெரேரா. அவரும் போருக்குப் போய் வந்தவர்தான். இலங்கையில் திரட்டிய பணத்தில் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாள் படைவீரரின் நலனுக்காகக் கடல் கடந்தது. அதே போரில் அடிபட்டுத் திரும்பிய இலங்கையருக்குக் கிடைத்தது சொற்பம். 1931இல் அவர் பொப்பிக்குப் போட்டியாக உள்ளூர்ப் பூ ஒன்றை விற்கத் தொடங்கினார். சிங்களத்தில் சூரிய மல் எனப்படும் அந்தப் பூ நமக்குப் புதியதல்ல. யாழ்ப்பாணத்து வேலிகளில் பூக்கும் மஞ்சள் பூவரசம்பூதான் அது. விற்ற காசு இலங்கை முன்னாள் படைவீரருக்கு என்றார்.

கேட்டது நியாயமான சின்ன விஷயம். ஆனால் 1933இல் கொழும்பு தெற்கு இளைஞர் கழகத்தார் இந்தப் பூவைக் கையில் எடுத்தபோது அதன் பொருள் மாறிவிட்டது. டொரீன் யங் என்ற ஆங்கிலப் பெண்மணி, பின்னாளில் டொரீன் விக்ரமசிங்க, இயக்கத்தின் தலைவியானார். பூவரசம்பூ ஏகாதிபத்தியப் போருக்கு எதிரான அடையாளமாயிற்று. 1934–35இல் மலேரியா நாட்டை வாட்டியபோது, இதே இயக்கத்தின் இளைஞர்கள் கேகாலை மாவட்டத்துக் கிராமங்களில் மருந்தும் உணவும் சுமந்து போனார்கள். அங்கே பழகியவர்கள் 1935 டிசம்பர் 18ஆம் திகதி லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு என். எம். பெரேராவும் பிலிப் குணவர்த்தனவும் அரசாங்க சபைக்குத் தெரிவானார்கள்.

1939இல் போர் மூண்டபோது, இது நம்முடைய போர் அல்ல என்று சபையில் எழுந்து சொன்னவர்கள் அவர்கள். 1940 ஜூனில் கட்சியின் முக்கிய தலைவர்கள் சிறைக்குள் அடைக்கப்பட்டார்கள். பேசிய வாயை மூடினாலும் பேச்சு வெளியே உலவிக்கொண்டிருந்தது, படைமுகாம்களுக்குள்ளும் போனது.

காக்கிக்குள் இருந்த படிநிலை

இலங்கைப் பாதுகாப்புப் படை 1910இல் உருவானது. அதன் மூத்த உறுப்பான இலங்கை இலகு காலாட்படைக்கு 1881இலிருந்து வரலாறு உண்டு. இலங்கைக் காவற்படைப் பீரங்கிப் பிரிவு 1888இன் தொண்டர் பீரங்கிப் படையிலிருந்து வளர்ந்தது. போர்க்காலத்துக்கு முன் இவர்கள் முழுநேரப் படையினர் அல்லர். வாரநாட்களில் அலுவலகம், ஓய்வு நேரத்தில் அணிநடை, ஆண்டுக்கொருமுறை தியத்தலாவையில் முகாம். ஆங்கிலம் படித்து, கிளறிக்கல் வேலையிலோ கம்பனி உத்தியோகத்திலோ இருந்த கொழும்பு இளைஞனுக்குத் தொண்டர் படை ஒரு மதிப்பு; பந்தயத் திடலும் பட்டாளத்து மெஸ்ஸும் பழகக் கிடைக்கும் வாய்ப்பு. சிங்களவர், தமிழர், பறங்கியர், மலாயர் எல்லாரும் அதில் இருந்தார்கள்.

ஆனால் கலந்திருந்தது கீழ்த்தட்டு. தோட்டக்காரர் படை வெள்ளையருக்கு மட்டும். உள்ளூர்ப் பிரிவுகளிலும் மேலிடங்களில் பெரும்பாலும் வெள்ளை அதிகாரிகள். சமாதான காலத்தில் வாரம் ஒருமுறை பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்த ஏற்றத்தாழ்வை, 1939 செப்டெம்பரில் படை முழுநேர சேவைக்கு அழைக்கப்பட்ட பிறகு நாள் முழுக்கப் பொறுக்க வேண்டியிருந்தது. ஒரு சின்னத் தீவில், வேறு போக்கிடம் இல்லாமல், அதே அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு இருக்க நேர்ந்தால்?

கடலுக்கு நடுவே ஒரு கம்பி

கொழும்பிலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 2,800 கிலோமீற்றர் தொலைவில், தென்னை மரங்களும் மணலும் மட்டுமே கொண்ட பவளத் தீவுக்கூட்டம் கொக்கோஸ். அங்கே டிரெக்ஷன் தீவில் கடலடித் தந்தி நிலையம் இருந்தது. அவுஸ்திரேலியாவையும் ஆபிரிக்காவையும் ஆசியாவையும் இணைத்த கம்பிகள் அங்கே கரையேறின. அதன் மதிப்பு எதிரிகளுக்கும் தெரியும். 1914 செப்டெம்பரில் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்ட எம்டன் கப்பல், அதே ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி இந்தத் தந்தி நிலையத்தை அழிக்க வந்த இடத்தில்தான் சிட்னி என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலிடம் மாட்டிச் சிதைந்தது. பிழைத்த மாலுமிகள் கைதிகளாகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள்.

1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்ததும் கொக்கோஸ் இலங்கையின் பொறுப்பில் வந்தது. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஜப்பானியக் கப்பலொன்று நிலையத்தின் மீது குண்டு பொழிந்தது. நிலையம் அழிந்துவிட்டதென்று வேண்டுமென்றே வெளிப்படையாக வானொலியில் சொல்லிவிட்டு, உள்ளே வேலையைத் தொடர்ந்தார்கள் பிரித்தானியர். நங்கூரத் துறையைக் காக்க ஹோர்ஸ்பரோ தீவில் இரண்டு 6 அங்குலப் பீரங்கிகள் இருந்தன. அவற்றை இயக்கியவர்கள் இலங்கைக் காவற்படைப் பீரங்கிப் பிரிவினர். தலைமை அதிகாரி கப்டன் ஜோர்ஜ் கார்டினர்; போருக்கு முன் கொழும்பில் கணக்காளராக இருந்து, அவசரகால நியமனத்தில் அதிகாரியானவர்.

அங்கிருந்து ஆயிரம் கிலோமீற்றருக்கும் குறைவான தூரத்தில் கிறிஸ்மஸ் தீவு. மார்ச் 11ஆம் திகதி விடிவதற்குள் அங்கிருந்த இந்தியச் சிப்பாய்கள் தங்கள் பிரித்தானிய அதிகாரியையும் நான்கு பிரித்தானியக் கீழ்நிலைத் தலைவர்களையும் கொன்றார்கள். மாத முடிவில், எதிர்ப்பே இல்லாமல் ஜப்பானியர் தீவில் இறங்கினார்கள். கொக்கோஸில் நடந்ததைப் புரிந்துகொள்ள இந்தச் சூழல் முழுவதும் வேண்டும்: விழுந்துவிட்ட சிங்கப்பூர், குண்டு வாங்கிய கொழும்பு, பக்கத்துத் தீவில் வெற்றிபெற்ற கலகம், ஆசியா ஆசியருக்கே என்று முழங்கிய ஜப்பானியப் பிரசாரம். இவை எல்லாம் மூன்றே மாதங்களுக்குள்.

மே 8 இரவு

பொம்பார்டியர் கிறேஷன் பெர்னாண்டோ சமசமாஜக் கட்சியின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டவர். வெள்ளை அதிகாரத்தை ஏற்காதவர். அதை மறைக்கத் தெரியாதவர். கார்டினருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. அவர் வகுத்த திட்டம் இது: அதிகாரிகளைக் கைதுசெய்வது, ஹோர்ஸ்பரோவின் பீரங்கிகளை டிரெக்ஷன் தீவின் பக்கம் திருப்புவது, கிறிஸ்மஸ் தீவிலிருந்த ஜப்பானியருக்குச் சைகை அனுப்பித் தீவை ஒப்படைப்பது.

1942 மே 8ஆம் திகதி இரவு 15 பேர் எழுந்தார்கள். திட்டம் சில மணி நேரம்கூட நிலைக்கவில்லை. கலகத்தில் சேராத பீரங்கி வீரர் சாமுவேல் ஜயசேகர சுட்டுக்கொல்லப்பட்டார். லெப்டினன்ட் ஹென்றி ஸ்டீபன்ஸ் காயமடைந்தார். பெர்னாண்டோவின் கையிலிருந்த பிரென் இயந்திரத் துப்பாக்கி இடையில் அடைத்துக்கொண்டு மேலே சுடவில்லை. கார்டினர் பிழைத்துக்கொண்டார். விடிவதற்குள் கலகக்காரர்கள் சரணடைந்தார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த இரவில் செத்த ஒரே மனிதர் இன்னோர் இலங்கையர். கலகம் யாருக்கு எதிராக எழுந்ததோ அந்த அதிகாரிக்கு ஒன்றும் நடக்கவில்லை. பெர்னாண்டோவைத் தியாகியாக எழுதுபவர்கள் ஜயசேகரவின் பெயரை ஓரிரு சொற்களில் கடந்துவிடுவது வழக்கம். அவரும் கொழும்பில் காக்கி வாங்கிக்கொண்டு அதே கப்பலில் போனவர்தான்.

கலகக்காரர்கள் நம்பியிருந்த ஜப்பானைப் பற்றியும் தமிழ் வாசகருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டிலேயே சயாம்–பர்மா ரயில் பாதை வேலை தொடங்கியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் கொலராவிலும் பட்டினியிலும் அடியிலும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தார்கள். 1942 மே மாதத்தில் பெர்னாண்டோவுக்கு இது தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் அவர் கதவைத் திறந்துவிட நினைத்தது அந்த ஆட்சிக்குத்தான்.

கைவிலங்கோடு வந்த கப்பல்

இராணுவ நீதிமன்றம் நாள் கடத்தவில்லை, கொக்கோஸிலேயே கூடியது. 7 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்த விசாரணை ஒழுங்காக நடத்தப்படவில்லை என்ற குற்றச்சாட்டு பின்னாளில் எழுந்தது. செய்ததை அவர்கள் மறுக்கவில்லை என்பதும் உண்மை. கைதிகள் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டார்கள். 4 பேரின் தண்டனை குறைக்கப்பட்டது. மீதி 3 பேர் வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள்: ஆகஸ்ட் 5இல் கிறேஷன் பெர்னாண்டோ, 7இல் கார்லோ கௌடர், 8இல் பெனி டி சில்வா. தண்டனைக் குறைப்புக்காகக் கெஞ்ச பெர்னாண்டோ சம்மதிக்கவில்லை.

இரண்டாம் உலகப் போரில் கலகம் செய்த குற்றத்துக்காகப் பிரித்தானியப் பொதுநலவாயப் படைகளில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர்கள் இந்த மூவர் மட்டுமே. கிறிஸ்மஸ் தீவில் ஐந்து பேரைக் கொன்ற கலகக்காரர்களின் முடிவோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்கள் போர் முடிந்தபின் சிங்கப்பூரில் விசாரிக்கப்பட்டார்கள். 5 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அதற்குள் 1947 பிறந்துவிட்டது. இந்தியாவும் பாகிஸ்தானும் அவர்களுக்காகப் பேசின. தண்டனை ஆயுள் சிறையாகக் குறைந்தது. குற்றத்தின் அளவைப் பார்த்தால் கிறிஸ்மஸ் தீவில் நடந்தது பெரிது. வித்தியாசம் காலத்தில் இருந்தது. 1942 ஆகஸ்டில் இலங்கைச் சிப்பாய்க்காகப் பேசக்கூடிய சுதந்திர அரசு எதுவும் இருக்கவில்லை. தீவின் முழு அதிகாரமும் அட்மிரல் ஜெப்ரி லேட்டனின் கையில் இருந்தது.

விளைவு படை முழுவதையும் தாக்கியது. இதன் பிறகு இலங்கையரின் போர்ப்பிரிவு எதையும் பிரித்தானியர் களமுனைக்கு அனுப்பவில்லை. போக்குவரத்து, பொறியியல், கூலிவேலைப் பிரிவுகளில் சேர்ந்த இலங்கையர்கள் மத்திய கிழக்கு வரை போனார்கள். துப்பாக்கி ஏந்திய பிரிவுகள் உள்ளூர்க் காவலோடு நின்றன. 15 பேர் செய்ததற்கு எல்லார் மீதும் சந்தேகம் விழுந்தது.

கண்டியிலிருந்து லண்டனுக்கு

இனி மற்றவரின் கதை. அன்ரன் முத்துக்குமாரு 1908 ஜூலை 6இல் பிறந்த கொழும்புத் தமிழர். புனித சூசையப்பர் கல்லூரி, ஒக்ஸ்போர்டின் ஜீசஸ் கல்லூரி, பிறகு பாரிஸ்டர் பட்டம். கொழும்பு நீதிமன்றத்தில் வழக்குப் பேசிக்கொண்டே 1934இல் இலங்கை இலகு காலாட்படையில் அதிகாரியாகச் சேர்ந்தார். மேலே சொன்ன ஓய்வுநேரத் தொண்டர்களில் அவரும் ஒருவர்; வாய்ப்புகள் கூடுதலாக அமைந்தவர்.

1944இல் மவுண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியக் கூட்டுப்படைத் தலைமையகத்தைக் கண்டிக்கு மாற்றி, பேராதனைப் பூங்காவில் அமர்ந்தார். அந்தத் தலைமையகத்தைக் காத்த படையினருக்குத் தலைமை தாங்கியவர் முத்துக்குமாரு. கலகத்துக்குப் பிறகும் இலங்கைப் படைக்கு நம்பிக்கையோடு கொடுக்கப்பட்ட பொறுப்பு அது. 1946 ஜூன் 8ஆம் திகதி லண்டனில் வெற்றி அணிவகுப்பு நடந்தபோது இலங்கைப் பிரிவை அவரே நடத்திச் சென்றார்.

கொழும்பு திரும்பியபோது ஊர் மாறியிருந்தது. நினைவுத்தூண்கூட இடம் மாறியிருந்தது: காலிமுகத்திடலில் நின்றால் ஜப்பானியக் கப்பல்களுக்கு அடையாளமாகிவிடும் என்று போர்க்காலத்தில் அதைப் பெயர்த்து விக்டோரியாப் பூங்காவில் வைத்தார்கள். இன்று விகாரமகாதேவிப் பூங்காவில் நிற்பது அதுதான். முகாம்கள் கலைந்தன, ஆயிரக்கணக்கானோர் சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலை தேடினார்கள். 1946லும் 47லும் கொழும்பு வேலைநிறுத்தங்களால் குலுங்கியதற்கு, போர்க்கால வேலைகள் ஒரேயடியாக மறைந்ததும் விலைவாசி ஏறியதும் பெரிய காரணங்கள்.

புதிய படை, பழைய கேள்வி

சுதந்திர இலங்கையின் தரைப்படை 1949 ஒக்டோபர் 10ஆம் திகதி உருவானது. முதல் தளபதி கெய்த்னஸ் பிரபு, அடுத்தவர் பிரான்சிஸ் ரீட், இருவரும் பிரித்தானியர். 1955 பெப்ரவரி 9ஆம் திகதி அந்த நாற்காலியில் முதல் இலங்கையராக அமர்ந்தவர் முத்துக்குமாரு. கொக்கோஸில் சுட்டவர்கள் கேட்டதில் ஒரு பாதி, இலங்கைப் படைக்கு இலங்கையரே தலைவர் என்பது, 13 ஆண்டுகளில் அமைதியாக நடந்தேறியது. தளபதி தமிழர் என்பதை அன்று யாரும் பெரிதாகப் பேசியதாகத் தெரியவில்லை. சுதந்திரத்துக்கு முந்தைய தொண்டர் படையின் கலப்பு அந்தப் புதிய படையிலும் மிச்சமிருந்தது.

அந்தக் காலம் நீடிக்கவில்லை. 1956 ஜூன் 5ஆம் திகதி சிங்களம் மட்டும் சட்டத்தை எதிர்த்துக் காலிமுகத்திடலில் சத்தியாக்கிரகம் இருந்த தமிழரசுக் கட்சியினர் அடித்து விரட்டப்பட்டார்கள். 1958 மே மாதக் கடைசியில் கலவரம் நாடு முழுவதும் பரவியது. வெள்ளவத்தையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. மே 27ஆம் திகதி மகாதேசாதிபதி சேர் ஒலிவர் குணதிலக்க அவசரகால நிலையைப் பிரகடனம் செய்து படைகளை வெளியே கொண்டுவந்தார். இந்தத் தொடரின் வாசகருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும்: 1942இல் சிவில் பாதுகாப்பு ஆணையாளராகக் கொழும்பின் விமானத் தாக்குதல் முன்னேற்பாடுகளை நடத்தியவர் அவரே.

அந்த மே மாதத்தில் இலங்கைத் தரைப்படையின் தளபதி ஒரு தமிழர். அதே நாட்களில் கொழும்புத் தமிழர்கள் ரோயல் கல்லூரியில் அகதிகளாகத் தங்கி, துறைமுகத்தில் கப்பலேறிக் காங்கேசன்துறைக்குப் போனார்கள். 1942 ஏப்ரலில் ஜப்பானியக் குண்டுக்குப் பயந்து வடக்கே ரயிலேறியவர்களில் பலர், பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு பக்கத்துத் தெருவுக்குப் பயந்து மறுபடி பயணம் போனார்கள்.

1959 டிசம்பர் 31ஆம் திகதி முத்துக்குமாரு ஓய்வு பெற்றார். பாகிஸ்தானிலும் அவுஸ்திரேலியாவிலும் உயர்ஸ்தானிகராகவும் எகிப்தில் தூதுவராகவும் பணியாற்றினார். 1987இல் இலங்கையின் இராணுவ வரலாற்றைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். பிற்காலத்தை அவுஸ்திரேலியாவில் கழித்து 2001இல் காலமானார். அவர் நூல் வெளிவந்த ஆண்டில் வடக்கில் போர் நடந்துகொண்டிருந்தது.

இருவரையும் ஒரே தராசில் வைப்பது இந்த இதழின் நோக்கம் இல்லை. ஒருவர் சீருடைக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பினார். மற்றவர் சீருடையின் உச்சிக்குப் போனார். ஆனால் ஏலியன் பெரேரா பூவரசம்பூவை விற்றபோது கேட்ட கேள்வி இருவர் வாழ்விலும் தொடர்ந்தது: உயிரைக் கொடுக்கச் சொல்லும் அரசு, போனவனைத் தன்னுடையவன் என்று எண்ணுகிறதா? பொப்பிக் காசை ஏற்றியனுப்பிய அரசு இல்லை என்றது. அதிலிருந்து ஓர் இயக்கமும், ஒரு கட்சியும், ஒரு கலகமும் கிளைத்தன. 1948இல் பிறந்த அரசு முதலில் ஆம் என்றது. முத்துக்குமாருவைத் தளபதியாக்கியது அந்தப் பதில்தான். பத்தே ஆண்டுகளுக்குள், மொழியை வைத்து யார் தன்னுடையவர் என்று அது பிரித்துப் பார்க்கத் தொடங்கியது. அதன்பின் படைக்குப் போன தமிழ் இளைஞர்களின் எண்ணிக்கை தேய்ந்துகொண்டே வந்தது. ஒரு காலத்தில் எல்லாரும் இருந்த படை ஒரே சமூகத்தின் படையாகத் தோற்றமளித்ததற்கு, பின்னாளில் ஆயுதம் தூக்கியவர்களை மட்டும் காரணம் காட்டினால் கணக்கு நேராகாது. அந்தக் கணக்கு 1956இலேயே தொடங்கிவிட்டது.

அடுத்த இதழில்: உயிர்த்த ஞாயிறுக் குண்டுவீச்சுக்கு இரண்டு நாள் கழித்து, 1942 ஏப்ரல் 7ஆம் திகதி இரவு கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகிய நால்வரும் தப்பினார்கள். தென்னிலங்கையின் அந்த இடதுசாரித் தலைவர்களில் சிலர் இந்தியக் கரை சேர வல்வெட்டித்துறைத் தோணிகள் எப்படி உதவின என்பதைப் பார்ப்போம்.